நான் சேர்த்து வாசித்த ஒரு வரி

தம்பி,

உன் கடிதம் போன செவ்வாய்க்கிழமை வந்தது. தோட்டத்து ஆபீஸில் கணக்கெழுதுகிற கிராணி என் லாரியை நிறுத்திக் கையில் கொடுத்தார். சிங்கப்பூர் ஸ்டாம்பையும் உறையின் கனத்தையும் பார்த்ததுமே கல்யாணச் சேதிதான் என்று எனக்குத் தெரிந்துவிட்டது. வேலை முடிந்து வந்து, உன் அம்மாவை ஜன்னலோரம் உட்கார வைத்து, மூக்குக் கண்ணாடியைச் சட்டை நுனியில் துடைத்து மாட்டிக்கொண்டு, எப்போதும் போல முதல் எழுத்திலிருந்து வாசித்தேன். பெண் ஜொகூர்க்காரி, உன் கப்பல் பட்டறை ஆபீசில் வேலை, தகப்பன் இல்லை, தாயும் ஒரு தங்கையும் உண்டு என்பது வரை ஒரு எழுத்துகூட விடவில்லை. உன் அம்மா பெண்ணின் பெயரை இரண்டு தடவை சொல்லிப் பார்த்துக்கொண்டாள். அப்புறம் இரண்டாம் பக்கத்தைத் திருப்பினேன். அங்கே அம்மாவுக்கென்று நீ எழுதியிருந்த நாலு வரியை நான் வாசிக்கவில்லை. "அம்மா, பந்தல், மேளம் எதுவும் வேண்டாம். ஏதாவது ஒரு கோயிலில் தாலி கட்டிக்கொள்கிறேன். என்னைப் பார்க்க வேண்டும் என்று துடித்து வந்துதானே உங்களுக்குக் கண் போனது. நீங்கள் பார்க்க முடியாத கல்யாணத்தை நான் எப்படி ஊரைக் கூட்டி நடத்துவேன், என்னை மன்னித்துவிடுங்கள்." இதுதான் அந்த நாலு வரி. இதைத் தாண்டி, புதன்கிழமை லீவு கிடைக்கும் என்று நீ எழுதியிருந்த இடத்துக்குப் போய்விட்டேன்.

அவள் விடுவாளா? "என்னங்க, நடுவுல நின்னுட்டீங்க?" என்றாள். "ஒண்ணுமில்ல புள்ள, எழுத்து கொஞ்சம் கிறுக்கலா இருக்கு" என்றேன். "அவன் எழுத்து அச்சடிச்ச மாதிரி இருக்கும்னு நீங்கதானே சொல்லுவீங்க" என்றாள். நான் இருமினேன். அவளும் மேற்கொண்டு கேட்கவில்லை. அவள் மனசு நோகக் கூடாது என்று உன் அப்பா விட்டுவிட்டார் என்று நீ நினைத்துக்கொள்ளாதே. நான் அவ்வளவு நல்லவன் இல்லை. அந்த வரிகளை வாசித்திருந்தால் அவள் ஒரு பதில் சொல்லியிருப்பாள். அந்தப் பதிலோடு என் வண்டவாளம் வெளியே வந்திருக்கும். அந்தப் பயத்தில்தான் விட்டேன். இந்த ஒரு வாரமாக லாரி ஓட்டும்போதும் சோறு தின்னும்போதும் அந்த நாலு வரிதான் கண் முன்னால் நிற்கிறது. இருபத்தெட்டு வயதில் கல்யாணம் கட்டப் போகிற பிள்ளை, தான் செய்யாத ஒரு தப்புக்கு மன்னிப்புக் கேட்டுக்கொண்டு மணவறையில் உட்காரக் கூடாது. அதனால் எழுதுகிறேன். முழுவதும் படித்துவிட்டு அப்புறம் என்னைத் திட்டு.

உன் அம்மாவின் கண் மலையேறி வந்த அன்று ஒரே நாளில் போனது என்று நீ நினைத்துக்கொண்டிருக்கிறாய். அதற்கு ஒரு வருஷத்துக்கு முன்னாலேயே அது போக ஆரம்பித்துவிட்டது. நீ அப்போது ஈப்போவில் வெல்டிங் படித்துக்கொண்டிருந்தாய். ஒரு நாள் மலையிலிருந்து வந்தவள், "தேயிலை நிரையெல்லாம் கோணலா தெரியுதுங்க, நடுவுல வளைஞ்சு வளைஞ்சு போவுது" என்றாள். "வெயில்ல நின்னா அப்படித்தான்" என்றேன். இந்தக் குளிர் மலையில் என்ன வெயில், சொல்லு? கொஞ்ச நாளில் கங்காணி நிறுவையில் வைத்து அவளைத் திட்ட ஆரம்பித்தார். "என்னக்கா, கொழுந்து கேட்டா முத்தல் இலையா புடுங்கிப் போட்டிருக்க?" பதினெட்டு வயதிலிருந்து கொழுந்து பறித்த கை அது. கூடை நிறைய முத்தலும் காம்பும் வந்தால், கண்ணில் ஏதோ கோளாறு என்று யாருக்கும் தோன்றியிருக்க வேண்டும். எனக்குத் தோன்றவில்லை. ஒரு நாள் மேசை விளிம்பில் தேத்தண்ணி கிளாசை வைக்கிறேன் என்று அந்தரத்தில் வைத்துவிட்டாள். என் காலில் கொட்டியது. "கண்ணு என்ன பொடனியிலயா இருக்கு?" என்று கத்தினேன். எனக்குத்தான் மூக்குக்கு மேலே கோபம் வருமே, உனக்குத் தெரியாதா? அன்றைக்கு மட்டும் அல்ல, அந்த வருஷம் முழுவதும் அதே வார்த்தையை எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறேன். அவள் கீழே உட்கார்ந்து உடைந்த கிளாசைக் கையால் தடவித் தடவிப் பொறுக்கினாள். அப்போதும் எனக்குப் புரியவில்லை.

தோட்டத்து மருந்தகத்தில் இருக்கிற டிரெஸர்தான் முதலில் சொன்னார். இனிப்பு நீருக்கு மருந்து வாங்கப் போனவளின் கண்ணில் டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு, என்னைக் கூப்பிட்டு, "அண்ணே, இனிப்பு நீர் கண்ணைப் புடிச்சிருக்கு, உடனே தானா ராத்தா ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போங்க, அங்கிருந்து கீழ அனுப்புவாங்க" என்றார். சரி சரி என்று தலையாட்டினேன். தொழிற்சாலையில் இலை மலையாய்க் குவிகிற மாதம், லாரி சும்மா நிற்காது, அடுத்த வாரம், அதற்கடுத்த வாரம் என்று மூன்று மாதம் போனது. ஒரு நாள் காலையில் எழுந்தவள் இடது கண்ணில் மை ஊற்றின மாதிரி இருக்கிறது என்றாள். உள்ளே ரத்தம் கசிந்துவிட்டது. அந்தக் கண் அதோடு சரி. கோலாலம்பூர் பெரிய ஆஸ்பத்திரியில் நாங்கள் போய் உட்கார்ந்தபோது அவளுக்கு மிச்சமிருந்தது வலது கண் ஒன்றுதான். அதுவும் மங்கல்.

அங்கே ஒரு சீன டாக்டரம்மா பார்த்தார். வார்டு அட்டெண்டன் நம்ம தமிழ் ஆள், அவர்தான் எங்களுக்கு மொழிபெயர்த்துச் சொன்னார். கண்ணின் பின்பக்கத்தில் சினிமாத் திரை மாதிரி ஒரு மெல்லிய சவ்வு இருக்கிறதாம். அதில்தான் உருவம் விழும். இனிப்பு நீரால் அந்தத் திரையில் நடு இடத்தில் நீர் கோத்து வீங்கிவிட்டது, அதனால்தான் நேர்கோடு வளைந்து தெரிந்தது என்றார். கண்ணுக்குள் நிரம்பியிருக்கும் கூழ் அந்த இடத்தைப் பிடித்து இழுக்கிறது, அந்தக் கூழை எடுத்துவிட்டு மேலே படர்ந்த சவ்வை உரித்தால் வீக்கம் வடியும் என்றார். புதுசாக வந்த ஆப்பரேஷன்தான், ஆனால் செய்யலாம் என்றார். "பழைய பார்வை திரும்புமா?" என்று கேட்டேன். "எல்லாம் ஒரே மாதிரி வராது. வீக்கம் எத்தனை நாளா இருக்குங்கிறதைப் பொறுத்தது. சர்க்கரை, பிரஷர் ரெண்டும் கட்டுப்படணும். அதுக்கப்புறம் சொன்னபடி படுத்துக் கிடக்கிறது உங்க கையில இருக்கு. ஊசியில நூல் கோக்க முடியாது. ஆனா மூஞ்சி தெரியும், சோறு தெரியும், தனியா நடக்கலாம்" என்றார். மூஞ்சி தெரியும் என்றதும் உன் அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டாள். டாக்டரம்மா எத்தனை நாளாக இப்படி என்று கேட்டார். உன் அம்மா கொஞ்சமும் யோசிக்காமல் "ரெண்டு மாசமா" என்று சொல்லிவிட்டாள். ஒரு வருஷம் என்று சொன்னால் இந்த மனுஷன் என்ன செய்துகொண்டிருந்தான் என்று என்னை யாராவது கேட்பார்கள் அல்லவா? அதற்காகச் சொன்னாள். நானும் திருத்தவில்லை.

இன்னொரு பொய் நான் சொன்னது. கார்டு எழுதுகிற இடத்தில் விலாசம் கேட்டார்கள். அதே கோலாலம்பூரில், செந்தூலில் இருக்கிற உன் அத்தை வீட்டு விலாசத்தைக் கொடுத்தேன். தோட்டத்து ஆட்கள் எல்லாரும் செய்கிற காரியம்தான் இது. தோட்டத்து விலாசத்தைக் கொடுத்தால் ஆஸ்பத்திரிக் கடுதாசி ஆபீசுக்கு வந்து, கிராணி மேசையில் கிடந்து, தேதி முடிந்த பிறகு கைக்கு வரும். டவுனில் சொந்தக்காரர் இருந்தால் அவர் விலாசம்தான் நமக்கும் விலாசம். ஆப்பரேஷன் முடிந்து ஒரு வாரம் கழித்து வீட்டுக்கு விடும்போது டாக்டரம்மா அந்தக் கார்டைப் பார்த்துவிட்டு, "செந்தூல்தானே, பக்கம்தான்" என்றார். தலையாட்டினேன். எங்கள் வீடு மலை மேலே இருக்கிறது என்று அந்த ஆஸ்பத்திரியில் ஒருத்தருக்கும் தெரியாது.

கண்ணுக்குள் காற்று வைத்திருக்கிறார்கள் என்று அட்டெண்டன்தான் விளக்கினார். "அக்கா, அந்தக் காத்துக் குமிழி மேல மிதக்கும். நீங்க குப்புறக் கெடந்தா அது பின்சுவத்தை அழுத்திப் புடிச்சுக்கும். தானா கரையறதுக்கு இன்னும் ரெண்டு மூணு வாரம் ஆவும். அதுவரைக்கும் தலையைத் தூக்காதீங்க. பிளேன்ல மட்டும் ஏறிடாதீங்க, டாக்டர் முக்கியமா சொல்லச் சொன்னாங்க." அதைக் கேட்டு உன் அம்மா, தலையணையில் முகம் புதைத்துக் கிடந்தவள், குலுங்கிக் குலுங்கிச் சிரித்தாள். "ஆமா, நான் நாளைக்கு லண்டனுக்குப் போறேன்ல!" என்றாள். பக்கத்துக் கட்டில்காரியும் சிரித்தாள், அட்டெண்டனும் சிரித்தார், நானும் சிரித்தேன். பிளேனை அண்ணாந்து பார்த்ததோடு சரி நாங்கள். ஏன் ஏறக் கூடாது என்று ஒரு வார்த்தை கேட்கத் தோன்றவில்லை. அந்தச் சிரிப்பு இன்னும் என் காதில் இருக்கிறது.

செந்தூலில் உன் அத்தை கூடத்தில் மெத்தை விரித்துக் கொடுத்தாள். காலையில் அவள் வேலைக்குப் போய்விடுவாள். பகல் முழுவதும் நானும் உன் அம்மாவும்தான். சொட்டு மருந்து விட, சோறு ஊட்ட, கைப்பிடித்துக் குளியலறைக்குக் கூட்டிப்போக, எல்லாம் நான்தான் செய்தேன். மருந்து விடுகிற நேரத்துக்கு மட்டும் கொஞ்சம் உட்கார விடுவேன். நாலாம் நாள் அப்படி உட்கார்ந்தவள், "ஏங்க, மேல் பாதி தெரியுது" என்றாள். குமிழி கீழே தண்ணீர் மாதிரி தளும்புகிறதாம், அதற்கு மேலே தெளிவாக இருக்கிறதாம். "உங்க நெத்தி தெரியுது. வாய் தெரியல. அடப்பாவமே, தலை இப்படி நரைச்சுப் போச்சே உங்களுக்கு!" என்றாள். தம்பி, அது நடந்தது. அந்தக் கண் திரும்பி வந்துகொண்டிருந்தது. நாளுக்கு நாள் அந்தத் தெளிவு கீழே இறங்கியது. ஏழாம் நாள் என் மீசை வரை பார்த்தாள். துரை எனக்கு ஒரு மாதம் லீவு கொடுத்திருந்தார், வேலைக்கு ஓட வேண்டும் என்ற சாக்குகூட எனக்குக் கிடையாது.

அவள் தலைமுடி உனக்குத் தெரியும், அவிழ்த்தால் இடுப்புக்குக் கீழே தொங்கும். குப்புறக் கிடப்பவளுக்கு அது முகத்தில் விழுந்து, மருந்தோடு ஒட்டிக்கொண்டு ஒரே தொல்லை. அதனால் தினமும் நான் பக்கத்தில் உட்கார்ந்து சீவி, சடை போட்டு, மேலே தூக்கிக் கட்டிவிடுவேன். முதலில் எனக்குச் சடை பின்னத் தெரியாது. அவள்தான் தலையணைக்குள்ளிருந்து, வலது பக்கம் எடுங்க, இப்ப நடுவுல விடுங்க என்று சொல்லிக் கொடுத்தாள். எட்டாம் நாள் சாயங்காலம் நான் சீவிக்கொண்டிருந்தபோது உன் மாமா வேலையிலிருந்து இரண்டு கூட்டாளிகளோடு வந்தார். வாசலில் நின்று பார்த்துவிட்டு, "என்ன மச்சான், ஸ்டேரிங்க விட்டுட்டு சீப்பைப் புடிச்சிட்ட? அப்படியே ஒரு மொழம் பூவும் வாங்கியாந்து வச்சு விட்டுரு" என்றார். கூட வந்தவர்கள் கெக்கெக்கே என்று சிரித்தார்கள். ஒருத்தன், "தோட்டத்துல ஆம்பளைக்கு இதான் வேலை போலருக்குலா" என்றான். நான் சீப்பை விட்டெறிந்துவிட்டு எழுந்து வெளியே போய்விட்டேன். பாதி பின்னின சடையோடு அவள் கிடந்தாள். "விடுங்க, விளையாட்டுக்குச் சொல்றாங்க" என்று அவள் சொன்னது பின்னால் கேட்டது. எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. இந்த வீட்டில் இன்னும் ஒரு நாள்கூட இருக்கக் கூடாது என்று முடிவு செய்துவிட்டேன். அதற்கு ஒரு காரணம்தான் வேண்டியிருந்தது.

மறுநாள் மத்தியானம் தோட்டத்து வீட்டிலிருந்து உன் கடிதம் வந்தது. சின்னக் கடிதம். சிங்கப்பூரில் வேலை கிடைத்துவிட்டது, சனிக்கிழமை காலை பஸ் ஏறுகிறேன், அம்மா உடம்பைப் பார்த்துக்கொள்ளட்டும், அலைய வேண்டாம், தீபாவளிக்கு வந்து பார்க்கிறேன். நீ எழுதியது இவ்வளவுதான். அதை அவள் பக்கத்தில் உட்கார்ந்து வாசித்தேன். "அலைய வேண்டாம்" என்ற இடத்தை விழுங்கிவிட்டு, அங்கே நானாக ஒரு வரியைச் சேர்த்து வாசித்தேன். "அம்மா முகத்தைப் பார்க்காமல் என்னால் பஸ் ஏற முடியாது." உன் குரலில் எழுதின மாதிரியே வாசித்தேன். "டாக்டரம்மா இன்னும் ரெண்டு வாரம்னாங்களே" என்றாள் அவள். "குப்புறப் படுக்கத்தானே சொன்னாங்க, அதை வீட்டுல போய்ப் படுத்துக்க" என்றேன். "பயமா இருக்குங்க" என்றாள். அப்புறம் அவளே, "புள்ள கூப்புடுறான். போலாம்" என்றாள். தம்பி, நீ கூப்பிடவே இல்லை. அவளும் வர வேண்டும் என்று கேட்கவே இல்லை. இரண்டு பேருக்கும் நடுவில் உட்கார்ந்திருந்தவன் நான்.

வெள்ளிக்கிழமை, காய்கறி இறக்கிவிட்டு வெறும் லாரியோடு மலை மேலே பிரிஞ்சாங்குக்குத் திரும்பிக்கொண்டிருந்த முனியாண்டியின் வண்டியில் முன்சீட்டில் ஏறினோம். உன் அம்மா மடியில் தலையணையை வைத்து அதில் முகத்தைக் கவிழ்த்துக்கொண்டு வந்தாள். டாக்டரம்மா சொன்னதை அவள் ஒரு நிமிஷம்கூட மீறவில்லை. மலையடிவாரத்தில், தாப்பாவில் வண்டியை நிறுத்தி உனக்கென்று ஒரு பாக்கெட் கெரோபோக் அப்பளம் வாங்கினேன். உனக்கு ஞாபகம் இருக்கிறதா? சின்ன வயதில் நான் தாப்பாவிலிருந்து வாங்கி வருகிற பாக்கெட் வீட்டுக்கு வந்து சேரும்போது தலையணை மாதிரி உப்பியிருக்கும். நீ அதைக் குத்தி டப்பென்று உடைப்பாய். ஏம்ப்பா வீங்குது என்று கேட்பாய். மலைக்காற்று உள்ளே புகுந்துவிட்டது என்று வாய்க்கு வந்ததைச் சொல்வேன். அப்புறம் நீ தானா ராத்தா பள்ளிக்கூடத்தில் படிக்கும்போது ஒரு நாள் வந்து, "அப்பா, நீங்க சொன்னது தப்பு. மேல வர வர வெளிய காத்து கொறையுது, அதனால உள்ள இருக்கிற காத்து பெருக்குது" என்றாய். "பெரிய வாத்தியாரு!" என்று உன் தலையில் தட்டினேன். நீ சொல்லிக் கொடுத்த பாடம் எனக்குத் தெரிந்தே இருந்தது.

பாதி மலையில் அவளுக்கு வலி ஆரம்பித்தது. "கண்ணு தெறிக்குதுங்க" என்று கத்தினாள். குளிர்காற்று என்று சொல்லி ஜன்னலை ஏற்றிவிட்டு, துண்டால் தலையைச் சுற்றிவிட்டேன். இன்னும் நாலு வளைவு போனதும் வாந்தி எடுத்தாள். வளைவு ஒத்துக்கொள்ளவில்லை என்று நினைத்தேன். இருபது வருஷம் இதே பாதையில் போய் வந்தவளுக்கு ஒரு நாளும் வாந்தி வந்ததில்லை. முனியாண்டி வேகத்தைக் குறைத்து, "அண்ணே, அக்காவுக்கு ரொம்ப முடியலலா. திருப்பிடலாமா? தாப்பா ஆஸ்பத்திரிக்கே போயிடலாம்" என்றான். திரும்பியிருந்தால் வலி இறங்கியிருக்கும், கண்ணும் தப்பியிருக்கலாம். பிறகு டாக்டர்கள் அப்படித்தான் சொன்னார்கள். ஆனால் திரும்பினால் கீழே போக வேண்டும், கீழே போனால் மறுபடி செந்தூல் வீடு. "இன்னும் கொஞ்ச தூரம்தானே, போலாம் போலாம்" என்றேன். ரிங்லெட் கடைத்தெரு வந்தபோது கெரோபோக் பாக்கெட் உப்பிப்போய் கண்ணாடிப் பக்கத்தில் உருண்டு உருண்டு அவள் தலையில் இடித்தது. அதை எடுத்துக் காலடியில் போட்டேன். அந்த நேரத்தில் அவள் கத்துவதை நிறுத்திவிட்டிருந்தாள். வலி குறைந்துவிட்டது போலும் என்று எனக்கு நிம்மதியாகக்கூட இருந்தது.

மிச்சத்தை நீயே பார்த்தாய். மூன்று மணி வெயில் நம்ம லயத்து வரிசை வீட்டு வாசலில் அடித்துக்கொண்டிருந்தது. நீ புதுச் சட்டை போட்டு, பெட்டியைக் கட்டி வாசலில் வைத்திருந்தாய். நான் அவளைக் கைத்தாங்கலாய் இறக்கினேன். "ஏங்க, கதவைச் சாத்தியா வச்சிருக்காங்க? விளக்கைப் போடச் சொல்லுங்க" என்றாள். நீ அவளுக்கு ஒரு முழம் தள்ளி நின்றுகொண்டிருந்தாய். "அம்மா" என்றாய். அவள் கையை நீட்டி உன் சட்டையைத் தொட்டு, கழுத்தைத் தொட்டு, கன்னத்தைத் தொட்டாள். அப்போதுதான் எனக்குப் புரிந்தது.

தானா ராத்தாவிலிருந்து ஆம்புலன்ஸில் கீழே இறக்கினார்கள். இறங்க இறங்க வலி விட்டது. வெளிச்சம் திரும்பவில்லை. கோலாலம்பூரில் டாக்டரம்மா, உங்கள் வீடு எங்கே என்று கேட்டார். நான் முதல் தடவையாக உண்மையைச் சொன்னேன். அவர் கார்டை எடுத்துப் பார்த்தார், என்னைப் பார்த்தார். அட்டெண்டன்தான் மெதுவாகச் சொன்னார். "கண்ணுக்குள்ள வச்ச காத்து மேல போகப் போகப் பெருசாயிடும்ணே. அது ரத்தக் குழாயை நசுக்கிடுச்சு. அதான் பிளேன்ல ஏறக் கூடாதுன்னு சொன்னேன்." "நாங்க லாரியிலதானே போனோம்" என்றேன். அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். எனக்கு அந்தப் பாக்கெட்தான் ஞாபகம் வந்தது. வெளி வராந்தாவில் நீ நின்றாய். "ஏம்ப்பா கூட்டிட்டு வந்தீங்க?" என்று கேட்டாய். அப்போதாவது சொல்லியிருக்கலாம். "நான் எங்க கூட்டியாந்தேன்? உன்னைப் பார்க்கணும்னு அவதான் ஒத்தைக் கால்ல நின்னா" என்றேன். நீ சுவரில் சாய்ந்து அழுதாய். அன்றைக்கு உன் தலையில் தூக்கி வைத்த பாரத்தைத்தான் இந்த நாலு வருஷமாகச் சுமந்துகொண்டிருக்கிறாய்.

உன் அம்மா என்ன சொன்னாள் தெரியுமா? நீ சிங்கப்பூர் போன பிறகு ஒரு நாள் என்னைக் கூப்பிட்டு, "புள்ள ஆசையா கூப்பிட்டான், நான் வந்தேன். அதுக்கு அவன் என்ன பண்ணுவான்? அவன் கூப்பிட்டதுனாலதான் இப்படி ஆச்சுன்னு அவன் காதுல ஒரு வார்த்தை விழக் கூடாது. என் மேல சத்தியம் பண்ணுங்க" என்றாள். நானும் அவள் தலையில் கை வைத்துச் சத்தியம் செய்தேன். ஒவ்வொரு தீபாவளிக்கும் நீ வருகிறாய். நீ அவள் கையைப் பிடித்துக்கொண்டு பேசாமல் உட்கார்ந்திருப்பாய். அவளும் பேசாமல் இருப்பாள். அவளால்தான் என்று நீ சொல்லிவிடக் கூடாது, உன்னால்தான் என்று அவள் சொல்லிவிடக் கூடாது. இரண்டு பேரும் ஒருத்தரை ஒருத்தர் காப்பாற்றிக்கொண்டிருந்தீர்கள். நான் தேத்தண்ணி கலக்கிக்கொண்டு வந்து வைத்துவிட்டு வெளியே போய்விடுவேன். வெட்கங்கெட்டவன்.

இப்போது அவளுக்குத் தினமும் நான்தான் சடை பின்னுகிறேன். வாசலில் வைத்துத்தான். லயத்தில் எல்லாரும் பார்க்கிறார்கள், எவன் சிரித்தால் எனக்கென்ன? இந்த ரோஷம் கெட்ட புத்தி நாலு வருஷத்துக்கு முன்னால் வந்திருந்தால் இரண்டே வாரம், தம்பி, இரண்டே வாரம் சீப்பைப் பிடித்திருந்தால், அவள் உன் கல்யாணத்தைப் பார்த்திருப்பாள். நீ பெண்டாட்டி கட்டப் போகிறாய். உன் கையால் அவளுக்குச் செய்ய வேண்டிய காரியம் வந்தால் செய். எவன் வாசலில் நிற்கிறான் என்று திரும்பிப் பார்க்காதே. அவள் உடம்பில் ஒன்று சரியில்லை என்று சொன்னால் அன்றைக்கே கேள், அன்றைக்கே கூட்டிக்கொண்டு போ. டாக்டர் ஏதாவது கூடாது என்று சொன்னால், ஏன் கூடாது என்று வாய் விட்டுக் கேள். உனக்கும் அம்மா ரத்தம்தான், வருஷத்துக்கு ஒரு தடவை இனிப்பு நீர் இருக்கிறதா என்று பார்த்துக்கொள். சீனிப்பால் தேத்தண்ணியைக் குறை. என்ன, அப்பன் உபதேசம் பண்ணக் கிளம்பிவிட்டானே என்று பார்க்கிறாயா? வேறு யார் சொல்வது? இதில் தோற்றுப் போனவன் நான்தான்.

கல்யாணத்தை இங்கே வந்து வை. நம்ம மாரியம்மன் கோயிலில் பந்தல் போட்டு, மேளம் வைத்து, லயம் முழுவதும் சாப்பிடுகிற மாதிரி வை. அன்று நான் உன் கடிதத்தை வாசித்து முடித்ததும் உன் அம்மா கேட்ட முதல் கேள்வி, "மேளம் எந்த செட்டு?" என்பதுதான். அவளுக்குக் கண்தான் இல்லை. காது இருக்கிறது. கெட்டிமேளம் கொட்டுகிறபோது உன் பக்கத்தில் நின்று கேட்கட்டும். என்னை அங்கே நிற்க விடுவாயா மாட்டாயா என்பதை நீ முடிவு செய். மாட்டேன் என்றால் கோயிலுக்கு வெளியே லாரியில் உட்கார்ந்துகொள்கிறேன், உன் மேல் எனக்கு வருத்தம் இருக்காது.

இதுவரை எழுதியதை நேற்றே முடித்துவிட்டேன். உனக்குப் போகிற கடிதம் எதுவானாலும் ஒட்டுவதற்கு முன்னால் அவளுக்கு வாசித்துக் காட்டுவதுதான் இந்த வீட்டில் வழக்கம். இதை வாசிக்காமல் அனுப்பிவிடலாமா என்று ஒரு நிமிஷம் நினைத்தேன், பொய் சொல்ல மாட்டேன். அப்புறம் இன்று காலை அவளை வாசலில் உட்கார வைத்து, நீ எழுதிய நாலு வரியையும் சேர்த்து, ஒரு எழுத்து கூட்டாமல் ஒரு எழுத்து விடாமல் வாசித்தேன். கெரோபோக் இடத்தில் நிறுத்திவிட்டேன். அவள், "ம், படிங்க" என்றாள். முடித்தேன். எனக்கு என்ன செய்வது என்று தெரியவில்லை. சீப்பை எடுத்துக்கொண்டு அவள் பின்னால் உட்கார்ந்தேன். தலையைத் தள்ளிக்கொள்வாள் என்று நினைத்தேன், தள்ளிக்கொள்ளவில்லை. சடை பின்னி முடித்து, நுனியில் நாடா கட்டினேன். அப்போது அவள் முன்னால் பார்த்தபடியே, "இது அவனுக்கு எழுதுனது. ஒட்டி அனுப்பிடுங்க" என்றாள். கொஞ்சம் பொறுத்து, "எனக்கு எப்பச் சொல்லப் போறீங்க?" என்று கேட்டாள்.

இன்னும் சொல்லவில்லை, தம்பி. இதை ஒட்டி வைத்துவிட்டு, போய் அவள் எதிரில் உட்காரப் போகிறேன்.

உன் அப்பா